நூல் நம்பரும் கோபுரச் சாலையும்: ஒரு பட்டன் நம்ம கைக்கு வந்த கதை

இந்த எபிசோடை ஒரு பேர்ல இருந்து ஆரம்பிக்கிறேன். கோதை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளோட இன்னொரு பேர். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள்ல இன்னைக்கும் காதில் விழுகிற பேர்.

சில வருஷம் முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு இடத்துல, ஒரு ஆப்புக்குத் தமிழ் வடிவம் பண்ணிட்டு இருந்தோம். லாகின் பண்ணினதும் மேல வலது ஓரத்துல ஒரு சின்ன வட்டம் வரும், அதுக்குள்ள உங்க பேரோட முதல் எழுத்து இருக்கும். எல்லா ஆப்லயும் பார்த்திருப்பீங்க. கோதைன்னு ஒருத்தங்க உள்ள வந்தாங்க. வட்டத்துக்குள்ள 'க'ன்னு இருந்தது. கீதா வந்தாங்க. அவங்களுக்கும் 'க'. கௌசல்யா, குமார், கைலாசம் எல்லாருக்குமே 'க'தான். 'கோ' எங்கே போச்சு?

அந்த வட்டத்தை நாங்க எழுதலை. ஒரு காம்பொனென்ட் லைப்ரரியிலிருந்து எடுத்து அப்படியே வச்சோம். ரெண்டு வரி வேலை. அந்த ரெண்டு வரியோட சேர்ந்து, எங்களுக்குத் தெரியாமலே இன்னொருத்தர் எடுத்த ஒரு முடிவும் உள்ள வந்திருந்தது. ஒரு பேரோட முதல் எழுத்துன்னா எதுங்கிற முடிவு.

இன்னைக்குக் கதை அதைப் பத்திதான். ரெடிமேட் பட்டன், ரெடிமேட் காலண்டர், ரெடிமேட் மெனு இதெல்லாம் எப்படி வந்தது, வந்தப்போ கூட என்னென்ன வந்தது. இதைச் சொல்ல எனக்கு ரெண்டு ஊர் வேணும். ராஜபாளையம் ஒண்ணு, பக்கத்துல இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூர் இன்னொண்ணு.

முதல்ல ஒரு சின்ன விளக்கம்

கோடிங் பக்கம் வராதவங்களுக்காகச் சொல்றேன். நீங்க பார்க்கிற ஒரு வெப் பக்கத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கலாம். பட்டன், எழுதுகிற பெட்டி, தேதி எடுக்கிற காலண்டர், கீழே விரிகிற பட்டியல். இந்தத் துண்டுகளுக்குப் பேர் காம்பொனென்ட். ரியாக்ட், வ்யூ, ஆங்குலர் மாதிரி ஜாவாஸ்கிரிப்ட் ஃப்ரேம்வொர்க்குகள் இந்தத் துண்டுகளை எப்படிச் சேர்ப்பது, தகவல் மாறும்போது திரையை எப்படி மாற்றுவது என்று பார்த்துக்கொள்ளும். துண்டுகளை யாராவது முன்கூட்டியே செஞ்சு, ஒரு மூட்டையாகக் கட்டிக் கொடுத்தால் அதுதான் காம்பொனென்ட் லைப்ரரி. நீங்க அந்த மூட்டையை இறக்கி, 'ஒரு பட்டன் வேணும், நீல நிறம், மேல இந்த வார்த்தை, அமுக்கினா இது நடக்கணும்'னு சொன்னால் போதும். அப்படிச் சொல்ற விவரங்களுக்கு ரியாக்ட்டிலும் வ்யூவிலும் 'ப்ராப்ஸ்'னு பேர்.

ராஜபாளையம்: நம்பர் சொல்லி வாங்குகிற நூல்

1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸ் என்ற நூற்பாலையைத் தொடங்கினார். ராம்கோ குழுமம் என்று இன்று நாம் சொல்வதன் தொடக்கம் அதுதான். ஊரைச் சுற்றி மில்கள் பெருகின. பக்கத்திலிருக்கிற சத்திரப்பட்டியில் தறிகள் ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணியை நெய்கின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது, நெய்கிறவர் நூற்பதில்லை. அவர் மில்லுக்குள் போய்ப் பஞ்சைப் பார்ப்பதில்லை. 'நாற்பதாம் நம்பர் நூல்' என்று கேட்கிறார், அது வருகிறது. அந்த நம்பர் சும்மா ஒரு பேர் இல்லை. 840 கெஜம் நீளமுள்ள நூலை ஒரு சிட்டம் என்று வைத்துக்கொண்டால், ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் இருக்கிறது என்பதுதான் நம்பர். நாற்பதாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 40 சிட்டம், அதாவது 33,600 கெஜம். நம்பர் கூடக் கூட நூல் மெலிசாகும்.

இது ஒரு ஒப்பந்தம். மில்லும் தறியும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே வேலை செய்ய வழிசெய்கிற ஒப்பந்தம். ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரு நம்பர் இருக்கிறது, அந்த நம்பரை யார் வேண்டுமானாலும் எடை போட்டுச் சரிபார்க்கலாம்.

மென்பொருள் உலகத்துக்கு இந்த ஆசை வந்தது 1968-ல். அந்த வருஷம் அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் என்ற ஊரில் நேட்டோ ஒரு மாநாடு நடத்தியது. மென்பொருள் எல்லாம் தாமதமாக வருகிறது, தப்போடு வருகிறது, செலவு எகிறுகிறது என்று எல்லாரும் கவலையோடு கூடிய மாநாடு. அங்கே பெல் லேப்ஸைச் சேர்ந்த டக்ளஸ் மெக்கில்ராய் ஒரு கட்டுரை வாசித்தார். அதன் சாரம் இதுதான்: மற்ற தொழில்களில் உதிரிபாகம் செய்வதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது, மென்பொருளில் மட்டும் அது இல்லை. ஒவ்வொருத்தரும் ஆணியிலிருந்து தாங்களே அடித்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டியலைத் திறந்து, இவ்வளவு துல்லியம், இவ்வளவு வேகம், இவ்வளவு உறுதி என்று தரம் சொல்லி ஒரு பாகத்தை வாங்க முடிய வேண்டும்.

கேட்டீங்களா? தரம் சொல்லி வாங்கணும். நூல் நம்பர் மாதிரி. ராஜபாளையத்து நெசவாளி ஒருத்தர் அந்த ஹாலில் இருந்திருந்தால், இதில் புதுசு என்ன இருக்கு என்று கேட்டிருப்பார்.

பெட்டிக்குள் இல்லாத காலண்டர்

அந்த ஆசை திரையில் நிறைவேற ஆரம்பித்தது 1991-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விஷுவல் பேசிக் மூலமாக. பட்டனை எடுத்து இழுத்து ஒரு படிவத்தில் போடலாம். கொஞ்ச நாளில் வெளி ஆட்கள் தாங்களே புதுப்புதுப் பாகங்கள் செய்து விற்க ஆரம்பித்தார்கள். அதற்கென்று ஒரு சந்தையே உருவானது.

ஆனால் வெப் வேறு இடம். 1995 நவம்பரில் எச்டிஎம்எல் 2.0 முறைப்படி வந்தபோது அதில் இருந்த பாகங்கள் கைவிரல் எண்ணிக்கைதான். எழுதும் பெட்டி, டிக் பெட்டி, பட்டியல், அனுப்பும் பட்டன். காலண்டர் கிடையாது. அதே 1995-ல்தான் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கினார். இல்லாததை எல்லாம் ஜாவாஸ்கிரிப்டில் நாமே கட்டிக்கொள்ள வேண்டிய நிலை. அதனால் பத்து வருஷம் ஒவ்வொரு கம்பெனியும் தன் காலண்டரைத் தானே எழுதியது. ஒரு பிரௌசரில் ஓடும், இன்னொன்றில் ஓடாது.

2006 பிப்ரவரியில் யாஹூ தன் சொந்தப் பாகங்களை ஒய்யூஐ என்ற பேரில் எல்லாருக்கும் திறந்துவிட்டது. அதே வருஷம் ஜான் ரெசிக்கின் ஜேக்வெரி வந்தது, 2007-ல் ஜேக்வெரி யூஐ. காலண்டரும் ஸ்லைடரும் இனி ஒரு வரியில். ஒய்யூஐ-க்கு மேல் கூடுதல் பாகங்கள் செய்துகொண்டிருந்த ஜாக் ஸ்லோகம் என்பவரின் வேலை 2007-ல் எக்ஸ்ட் ஜேஎஸ் என்று தனி லைப்ரரியானது. எக்செல் ஷீட் மாதிரியான கிரிட், மரம் மாதிரி விரிகிற மெனு எல்லாம் அதில் ரெடியாக இருந்தன.

இங்கேதான் முதல் அடி விழுந்தது. 2008 ஏப்ரலில் எக்ஸ்ட் ஜேஎஸ் 2.1 வந்தபோது லைசென்ஸ் மாறியது. அதுவரை கொஞ்சம் தளர்வான நிபந்தனை. இனிமேல் ஜிபிஎல் 3: உங்க கோடையும் திறந்து காட்டுங்க, இல்லேன்னா காசு கொடுத்து வணிக லைசென்ஸ் வாங்குங்க. பழைய பதிப்பிலேயே தங்கிவிடலாம், ஆனால் புதுசு வேணும்னா இதுதான் வழி. அதை நம்பி முழு அப்ளிகேஷன் கட்டியவர்கள் கொதித்துப் போனார்கள். ஒய்யூஐ கதை வேறு விதம். 2014 ஆகஸ்டில் யாஹூ அதில் புது வேலையை நிறுத்துவதாக அறிவித்தது.

தறியிலே பாவு ஏத்தின பிறகு, மில் அந்த நூலையே இனிப் போடாதுன்னு சொன்னா எப்படி இருக்கும்? அதே நிலைமை.

ஃப்ரேம்வொர்க் காலம்

2011 ஆகஸ்டில் ட்விட்டரில் வேலை பார்த்த மார்க் ஓட்டோவும் ஜேக்கப் தோர்ன்டனும் பூட்ஸ்ட்ராப்பை வெளியிட்டார்கள். டிசைனர் இல்லாத சின்னக் குழுக்களுக்கு அது பெரிய வரம். ஆனால் கொஞ்ச நாளில் எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் ஒரே முகம்.

2013 மே மாதம் ஃபேஸ்புக் ரியாக்ட்டைத் திறந்துவிட்டது. 2014 பிப்ரவரியில் இவான் யூவின் வ்யூ. 2010-லிருந்தே இருந்த கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ், 2016 செப்டம்பரில் முழுக்கத் திருத்தி எழுதப்பட்டு ஆங்குலர் 2 ஆனது. பழையதில் எழுதியது புதியதில் அப்படியே ஓடாது.

இவை கொண்டுவந்த மாற்றம் என்ன? ஜேக்வெரி காலத்தில் நீங்க திரையைக் கையால் திருத்துவீங்க. 'இந்த எண்ணை 3-லிருந்து 4 ஆக்கு, அந்தப் பட்டனை மறை.' ஒரு இடத்தை மறந்தால் திரை பொய் சொல்லும். ரியாக்ட்டில் தகவலை மட்டும் மாற்றினால் போதும், திரை அதற்கேற்பத் தானே மாறும். அதனால் காம்பொனென்ட் என்பது வெறும் படமாக இல்லாமல், நிஜமாகவே தனியாக எடுத்துப் பொருத்தக்கூடிய பாகமாக ஆனது. ரியாக்ட்டுக்கு மெட்டீரியல் யூஐ, ஆண்ட் டிசைன் என்று லைப்ரரிகள் வந்தன. மெக்கில்ராய் கேட்ட பட்டியல் கிட்டத்தட்ட கையில் வந்துவிட்டது.

இதை எதற்கு எடுக்கணும், நாமே எழுதினால் என்ன? நியாயமான கேள்வி. கீழே விரிகிற ஒரு சின்ன மெனுவை எடுத்துக்கோங்க. அம்புக்குறி பட்டனில் மேலே கீழே போகணும். எஸ்கேப் தட்டினால் மூடணும், மூடினதும் பழைய இடத்துக்கே திரும்பணும். பார்வையில்லாத ஒருத்தர் திரைவாசிப்பான் வைத்திருந்தால், 'இது ஒரு மெனு, இத்தனை வாய்ப்பு இருக்கு, நீங்க ரெண்டாவதில் இருக்கீங்க' என்று அது வாசிக்கணும். அதற்கான ஏரியா என்ற விதிமுறையின் முதல் பதிப்பு 2014 மார்ச்சில் டபிள்யூ3சி பரிந்துரையாக வந்தது. இதையெல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீங்களும் நானும் எழுதி முடிக்க மாட்டோம். நல்ல லைப்ரரியில் பல பேரின் பல வருஷ உழைப்பு இருக்கு. அதை எடுப்பது சோம்பேறித்தனம் இல்லை.

பட்டன் மேல் பனி

ஆனால் 2018 டிசம்பர் 25 வந்தது. அன்று காலையில் சீனாவில் நிறைய வெப்சைட்டுகளில் பட்டன்களின் தலையில் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. சிலவற்றில் மவுஸை மேலே கொண்டுபோனால் 'ஹோ ஹோ ஹோ' என்று வேறு எழுதியது. ஹேக்கிங் இல்லை. அலிபாபாவின் ஆண்ட் குழுமத்திலிருந்து வந்த ஆண்ட் டிசைன் லைப்ரரிக்குள், மாதங்களுக்கு முன்பே யாரோ விளையாட்டாக வைத்த கோடு. கிறிஸ்துமஸ் அன்று மட்டும் விழித்துக்கொள்ளும்படி எழுதியிருந்தது. அந்த லைப்ரரியை வைத்து அலுவலக வேலைக்கான சைட் கட்டியவர்கள், தங்கள் மேலதிகாரிகளிடம் இந்தப் பனி எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியிருந்தது. லைப்ரரிக் குழு மன்னிப்புக் கேட்டு, அதை நீக்கிய பதிப்பை வெளியிட்டது.

அதற்கு ரெண்டு வருஷம் முன்பு, 2016 மார்ச்சில், லெஃப்ட்பேட் என்ற பதினோரு வரிக் கோடை அதை எழுதியவர் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். ஒரு சொல்லுக்கு முன்னால் இடம் நிரப்புகிற சின்ன வேலை செய்கிற கோடு. அது இல்லாமல் உலகம் முழுக்கப் பல திட்டங்கள் கட்ட முடியாமல் நின்றன. 2017-ல் ரியாக்ட்டின் லைசென்ஸில் இருந்த காப்புரிமை வாசகம் பிடிக்காமல் அப்பாச்சி அறக்கட்டளை தன் திட்டங்களில் அதைச் சேர்க்கக் கூடாது என்றது. அந்த செப்டம்பரில் ஃபேஸ்புக் எம்ஐடி லைசென்ஸுக்கு மாறியது.

இத்தனை சம்பவம். எதிலும் பிரச்சினை பட்டனில் இல்லை. முடிவெடுக்கிற இடம் நம்ம கையை விட்டு வெளியே இருந்தது, அதை நாம கவனிக்கலை. நூலை எடை போட்டுப் பார்க்க முடியும். இறக்கிய மூட்டையை யாரும் பிரிச்சுப் பார்க்கலை.

ஸ்ரீவில்லிபுத்தூர்: அளவைக் கொண்டுபோன கைகள்

இப்போ ராஜபாளையத்திலிருந்து மதுரை ரோட்டில் கொஞ்ச தூரம் போவோம். ஊர் வருவதற்கு முன்னாலேயே கோபுரம் தெரிஞ்சிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் பதினோரு நிலை ராஜகோபுரம்.

அதைப் பார்த்தால் ஆயிரம் வேறுபட்ட உருவம் இருப்பது போல இருக்கும். கொஞ்சம் நின்று பார்த்தால், நம்ம கோபுரங்கள் எல்லாமே சில அடிப்படை உறுப்புகளால் ஆனவை என்று தெரியும். மூலையில் சதுரமாக நிற்பது கூடம். நடுவில் நீளமாக, வண்டிக்கூரை மாதிரி வளைந்திருப்பது சாலை. இரண்டுக்கும் நடுவில் ஒடுக்கமாகப் பஞ்சரம். நிலைக்கு நிலை இதுவே திரும்பத் திரும்ப வருகிறது, மேலே போகப் போகச் சின்னதாகிறது. ஒரே காம்பொனென்ட், வேற ப்ராப்ஸ்னு சொல்லலாம்.

ஆனால் வாங்கின விதம் வேற. ஸ்தபதி வேறு ஊரிலிருந்து ரெடிமேட் சாலைகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுவரவில்லை. அவர் கொண்டுவந்தது அளவுமுறை. இந்த அகலத்துக்கு இந்த உயரம், இதற்கு மேல் இது. உறுப்பை அந்த இடத்திலேயே, அந்தச் சுவருக்கு ஏற்ப அவரே கட்டினார். அதனால்தான் ஒரே இலக்கணம் இருந்தும் ஒவ்வொரு ஊர்க் கோபுரத்துக்கும் வேற முகம்.

வெப் உலகம் இந்த வழிக்கு வந்து ரொம்ப நாள் ஆகலை. 2014 ஜூனில் கூகுள் மெட்டீரியல் டிசைனை வெளியிட்டபோது, அது பாகங்களை விட விதிகளின் தொகுப்பாக இருந்தது. நிழல் எவ்வளவு, இடைவெளி எவ்வளவு, அசைவு எப்படி. இப்படி விதிகளும் பாகங்களும் சேர்ந்ததை டிசைன் சிஸ்டம் என்கிறார்கள். 2023-ல் பரவிய ஷாட்சிஎன் யூஐ இன்னும் ஒரு படி போனது. அதை மூட்டையாக இறக்க வேண்டாம். வேண்டிய பட்டனின் கோடை உங்க திட்டத்துக்குள்ளேயே நகலெடுத்து வைக்கும். அந்த நிமிஷத்திலிருந்து அது உங்க கோடு. திருத்தலாம், வெட்டலாம். பதிலுக்கு, தப்பு வந்தால் நீங்களேதான் சரிசெய்யணும். கட்டின கோபுரத்துக்கு வெளியூர் மில் உத்தரவாதம் தராது இல்லையா.

ஆக ரெண்டு வழி. ராஜபாளையத்து வழி: நம்பர் சொல்லி வாங்கு, வேகமாக நெய். ஸ்ரீவில்லிபுத்தூர் வழி: அளவைக் கற்றுக்கொள், உன் இடத்தில் நீயே கட்டு. காம்பொனென்ட் லைப்ரரிகளின் வரலாறே இந்த ரெண்டுக்கும் நடுவில் ஊஞ்சல் ஆடுவதுதான்.

இந்தப் பக்கத்து ஆட்கள் வாங்குகிறவர்கள் மட்டும் இல்லை. அந்த 1936 மில்லின் குழுமம்தான் 1990-களில் சென்னையில் ராம்கோ சிஸ்டம்ஸ் மூலம் மார்ஷல் என்ற ஈஆர்பி மென்பொருளைக் கொண்டுவந்தது. ராஜபாளையத்திலிருந்து தெற்கே அதே ரோட்டில் சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர் தாண்டினால் தென்காசி. அதன் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011-ல் ஜோஹோ அலுவலகம் வந்தது. ஜோஹோவுக்கு லைட் என்று சொந்த ஜாவாஸ்கிரிப்ட் ஃப்ரேம்வொர்க்கே இருக்கு. சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸின் காம்பொனென்ட் லைப்ரரிக்குப் பேர் கிரேயான்ஸ். ரியாக்ட்டுக்கும் ஆங்குலருக்கும் வ்யூவுக்கும் பாகங்கள் விற்கிற சிங்க்ஃபியூஷனுக்கும் சென்னையில் பெரிய குழு உண்டு. முடிவெடுக்கிற நாற்காலிகளில் சில நம்ம ஊரிலும் இருக்கு.

திரும்பவும் கோதை

இப்போ அந்த வட்டத்துக்கு வருவோம். யூனிகோடில் 'கோ' என்பது ரெண்டு குறி: 'க' ஒன்று, ஓகாரக் குறி ஒன்று. 'கோதை' எத்தனை எழுத்து என்று ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால் 4 என்று சொல்லும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கேளுங்க, ரெண்டு என்று சொல்லும். முதல் குறியை மட்டும் எடு என்று எழுதியவருக்கு ஆங்கிலத்தில் அது எப்போதும் சரியாக வந்தது. அவர் கெட்டவர் இல்லை. அவர் முன்னால் கோதை இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு மருந்து இருக்கு. இன்ட்ல் செக்மென்டர் என்று ஜாவாஸ்கிரிப்டிலேயே ஒரு கருவி, எழுத்தை எழுத்தாகப் பிரிக்கும். 2020-ல் குரோமில் வந்தது. 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸும் சேர்ந்த பிறகு முக்கியமான எல்லா பிரௌசரிலும் இருக்கு. அதைப் போட்டதும் வட்டத்தில் 'கோ' வந்துவிட்டது. ஆனால் அதிலும் ஒரு முடிச்சு. 'ஸ்ரீ'யை அது 'ஸ்', 'ரீ' என்று ரெண்டாகப் பிரிக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் கோதையின் ஊர்ப் பேரையே வட்டத்தில் போட்டால் 'ஸ்' மட்டும் நிற்கும். அதற்குத் தனியாக ஒரு வரி எழுத வேண்டியிருந்தது.

அதோடு முடியலை. 'சப்மிட்' என்ற குட்டிச் சொல்லுக்கு அளவெடுத்த பட்டனில் 'சமர்ப்பிக்கவும்' போட்டால் பாதியில் வெட்டி மூன்று புள்ளி வைக்கும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தால் அழுத்தம் காட்டுகிற பட்டன் தமிழில் அந்த அழுத்தத்தையே இழக்கும், நமக்குத்தான் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாதே. வரி உயரத்தை இறுக்கி வைத்தால் இகரத்தின் தலையோ உகரத்தின் வாலோ வெட்டுப்படும்.

நாங்க கடைசியில் செஞ்சது சாதாரண வேலை. லைப்ரரியைத் தூக்கிப் போடலை. எங்க ஆப் முழுக்க அதை நேரடியாகக் கூப்பிடுவதை நிறுத்தினோம். நடுவில் எங்களோட ஒரு பட்டன், எங்களோட ஒரு வட்டம் என்று மெல்லிய உறை போட்டோம். உறைக்குள் இன்று அந்த லைப்ரரி இருக்கும், நாளைக்கு வேறு இருக்கலாம். தமிழுக்கான முடிவுகள் எல்லாம் எங்க உறையில். பதிப்பு எண்ணைப் பூட்டி வைத்தோம், பார்க்காமல் மாறக் கூடாது என்று. புதுப் பதிப்பு வந்தால் நாலு பேரைப் போட்டுச் சோதிப்போம்: கோதை, கௌசல்யா, ஸ்ரீனிவாசன், அப்புறம் ரொம்ப நீளமான ஒரு ஊர்ப் பேர். நூல் வந்ததும் எடை போட்டுப் பார்க்கிற மாதிரி.

நீங்க அடுத்த தடவை ஒரு லைப்ரரியை இறக்கும்போது டெமோ பக்கத்தில் அழகா இருக்கான்னு மட்டும் பார்க்காதீங்க. உங்க பாட்டி பேரை அதில் டைப் பண்ணிப் பாருங்க. சரியா வரலைன்னா அந்தக் களஞ்சியத்தில் ஒரு புகாரைப் பதிவு பண்ணுங்க, முடிஞ்சா திருத்தத்தையும் சேர்த்து அனுப்புங்க. அவங்க முன்னால் ஒரு கோதையாவது வந்து நிற்கட்டும்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.